சின்ன மகளின் ஊரும் காலைக் காப்பியும்

நேற்றுக் காலை காப்பி அமிர்தமாக இருந்தது. இன்றைக்கும் அதே பொடிதான், அதே பால்தான், அதே பில்டர்தான், போட்ட கையும் அதே கைதான். இருந்தும் ஒரு வாய் குடித்துவிட்டு வீட்டுக்காரர், பத்திரிகையைக் கொஞ்சம் கீழே இறக்கி, "ஏன், பொடியை மாற்றிவிட்டாயா?" என்று கேட்கிறார். மாற்றவில்லை என்று சொன்னால் நம்புவாரா? மாட்டார். அவர் போகட்டும். நீங்களும் ஒரு வாய் குடித்துப் பார்க்கிறீர்கள். வாஸ்தவம்தான், என்னவோ குறைகிறது!

இந்த 'என்னவோ' என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் சென்ற மார்கழியில் சிக்மகளூர் மலைக்குப் போய் வந்தேன். சமையலறையில் நடக்கிற சமாசாரத்துக்கு மலை ஏறுவானேன் என்று கேட்பீர்கள். நல்ல ரசத்துக்குப் புளியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? காப்பிக்கும் அப்படித்தான். டம்ளரில் வந்து சேருகிற ருசியில் பாதி மலையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. மீதிப் பாதியைத்தான் நாம் காப்பாற்றுகிறோம், அல்லது கெடுக்கிறோம்.

ரயிலில் போகிறவர்கள் கடூரில் இறங்கலாம். அங்கிருந்து 40 கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து நேராகக் காரிலோ பஸ்ஸிலோ போனால் ஹாஸன் வழியாக ஐந்து மணிப் பிரயாணம். நடுவில் நல்ல இட்லி கிடைக்கும். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் காப்பிக்கு இடம் இராது.

சிக்மகளூர் என்ற பெயருக்கு அர்த்தம் தெரியுமா? 'சிக்க மகள ஊரு', அதாவது சின்ன மகளின் ஊர். சக்கரேபட்டணத்தை ஆண்ட ருக்மாங்கதன் என்ற சிற்றரசன் தன் இளைய பெண்ணுக்கு இந்த ஊரைச் சீதனமாகக் கொடுத்தானாம். பெரியவளுக்குக் கொடுத்தது பக்கத்திலேயே ஹிரேமகளூர். அங்கே கோதண்டராமர் கோயிலில் பூஜை மந்திரங்கள் கன்னடத்தில் ஒலிப்பதைக் கேட்கலாம். இரண்டு பெண்களுக்கும் அடுத்தடுத்த ஊராகக் கொடுத்த தகப்பன் புத்திசாலி. ஆனால் சின்னவளுக்குக் கொடுத்த ஊரின் பின்னால் நிற்கிற மலையில் பிற்காலத்தில் என்ன விளையப் போகிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தால், மூத்தவள் சும்மா விட்டிருக்க மாட்டாள்!

அந்த மலைக்குப் பெயர் பாபா பூடன் மலை. கர்நாடகத்திலேயே உயர்ந்த சிகரமான முள்ளய்யனகிரி இந்தத் தொடரில்தான் இருக்கிறது. சுமார் 6,300 அடி. பாபா பூடன் ஒரு சூஃபி பெரியவர். 17-ஆம் நூற்றாண்டில் மெக்கா யாத்திரை போய்த் திரும்பும்போது, ஏமன் நாட்டு மோக்கா துறைமுகத்திலிருந்து ஏழு காப்பிக் கொட்டைகளை யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்தார் என்பது வழிவழியாக வருகிற கதை. முளைக்கக்கூடிய கொட்டையை வெளியே கொண்டுபோக அராபியர்கள் அனுமதிப்பதில்லை. வறுத்தோ வேகவைத்தோதான் விற்பார்கள். மனிதர் ஏழே ஏழு பச்சைக் கொட்டைகளை உடம்போடு கட்டி எடுத்து வந்து இந்த மலையில் ஊன்றினாராம். தாடிக்குள் ஒளித்துவைத்தார் என்றுகூட ஒரு கட்சி உண்டு. கதை எப்படியிருந்தாலும், நம் தேசத்துக் காப்பிக்குப் பிறந்த வீடு இந்த மலைதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

மலைமேல் ஒரு குகை இருக்கிறது. அதைத் தத்தாத்ரேயர் பீடம் என்று ஹிந்துக்கள் கும்பிடுகிறார்கள். பாபா பூடன் தர்கா என்று முஸ்லிம்கள் தொழுகிறார்கள். யாருடையது என்று பல பத்தாண்டுகளாக வழக்கும் நடந்திருக்கிறது. நான் போன அன்று குகை வாசலில் குளிருக்கு முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த பாட்டிகள் எந்தக் கட்சி என்று பார்த்தால் தெரியவில்லை. எல்லாருடைய கையிலும் காப்பி இருந்தது.

பெரிய அளவில் தோட்டம் போட்டது 19-ஆம் நூற்றாண்டில் வந்த வெள்ளைக்காரர்கள். அதே காலத்தில் இலங்கையிலும் காப்பிதான் கொழித்தது. நம் பக்கத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே போய் உழைத்தார்கள். 1869-ல் இலைகளில் ஆரஞ்சு நிறத் துரு போல ஒரு நோய் வந்தது. சில வருஷங்களுக்குள் இலங்கைக் காப்பி அழிந்து, அந்த இடத்தில் தேயிலை வந்துவிட்டது. இங்கேயும் அந்த நோய் வந்தது. ஆனாலும் காப்பி பிழைத்தது. பாலேஹொன்னூரில் 1925-ல் ஆரம்பித்த ஆராய்ச்சி நிலையம் நோயைத் தாங்கும் செடிகளைத் தேடிக் கண்டுபிடித்து வளர்த்தது ஒரு முக்கியமான காரணம். இப்போது தேசத்துக் காப்பியில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு கர்நாடகத்தில்தான் விளைகிறது. சரித்திரம் இவ்வளவு போதும்.

காப்பித் தோட்டம் என்றதும் தேயிலைத் தோட்டம் மாதிரி பச்சைக் கம்பளம் விரித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் கண்ணில் படுவது காடு! வானளாவ சில்வர் ஓக் மரங்கள். அவற்றின்மேல் சுற்றிப் படர்ந்த மிளகுக் கொடிகள். இடையிடையே பலா, முள்முருங்கை, அத்தி. இந்த நிழலுக்குக் கீழே, பிறந்த வீட்டில் அண்ணன்மார் காவலில் நிற்கிற பெண்ணைப் போல, காப்பிச் செடி நிற்கிறது. விட்டால் மரமாகவே உயர்ந்துவிடும். பறிக்கச் சௌகரியமாக ஆள் உயரத்துக்கு வெட்டி நிறுத்துகிறார்கள்.

செடியின் குடும்பம் நமக்குப் புதிதல்ல. வாசலில் கொத்துக் கொத்தாய்ப் பூக்கிறதே இட்லிப் பூ, அதற்குக் காப்பி ஒன்றுவிட்ட சகோதரி. இலையைப் பார்த்தால் ஜாடை தெரியும். பங்குனி, சித்திரையில் ஒரு நல்ல மழை விழ வேண்டும். அதற்குத் தோட்டத்தில் 'பூ மழை' என்றே பெயர். மழை விழுந்து எட்டொன்பது நாளில் மலை முழுக்க ஒரே சமயத்தில் வெள்ளை வெளேரென்று பூக்கும். வாசனை மல்லிகை மாதிரி. மூன்று நாலு நாள்தான். பிறகு எல்லாம் உதிர்ந்துவிடும். அந்த மழை தப்பினால் வருஷம் தப்பியது. பூத்த சமயத்தில் மறுபடி அடித்துப் பெய்தாலும் ஆபத்து. கல்யாணத்துக்கு நாள் பார்க்கிற மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம்!

பூவிலிருந்து பழமாக எட்டு, ஒன்பது மாதம். நான் போனபோது பழம் பறிக்கும் காலம். ஒவ்வொரு கணுவிலும் பத்துப் பதினைந்து பழங்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. பார்க்க இலந்தைப் பழம் அளவு. இங்கேதான் விஷயமே இருக்கிறது: அந்தப் பத்துப் பதினைந்தும் ஒரே நாளில் பழுப்பதில்லை. நாலு சிவப்பு, மூன்று மஞ்சள், மற்றவை பச்சை. சிவப்பை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு மற்றவற்றைத் தொடாமல் விட வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி வர வேண்டும். அப்புறம் மறுபடி. ஒரே செடிக்கு மூன்று நாலு தடவை.

பறிக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். இடுப்பில் பை, தலையில் துணி, கையெல்லாம் பழச்சாற்றுப் பிசுக்கு. கன்னடம் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே, "ஏ, அந்தக் கிளையை ஒடிக்காதே, அடுத்த வருஷத்துப் பூ அதிலேதான்!" என்று சுத்தமான தமிழில் ஒரு குரல் கேட்டது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அந்த அம்மாளுக்கு. பாட்டனார் காலத்தில் சேலம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். பேரப்பிள்ளைகள் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறார்களாம்.

"பச்சையைப் பறித்தால் என்ன ஆகும், அம்மா?" என்று கேட்டேன்.

"என்ன ஆகும்? சீக்கிரம் பை நிறையும். சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்" என்று சிரித்தாள். பிறகு ஒரு பச்சைக் காயை உடைத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "இதைக் குடிக்கிறவங்களுக்குத்தான் கஷ்டம். வாயெல்லாம் துவர்க்கும். நாக்கிலே புல்லை வச்ச மாதிரி இருக்கும்."

எத்தனை எளிதாகச் சொல்லிவிட்டாள்! பழுக்காத பழத்தின் கொட்டையில் இனிப்பு சேர்ந்திருக்காது. அதை எப்படி வறுத்தாலும், எந்தப் பில்டரில் போட்டாலும் அந்தத் துவர்ப்பு போகாது. ஐந்தாறு கிலோ பழம் பறித்தால்தான் ஒரு கிலோ சுத்தமான கொட்டை கிடைக்கும். அந்த ஐந்தாறு கிலோவையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கிள்ளியிருக்கிறது ஒரு கை. கிளையோடு சேர்த்து உருவி எடுத்தால் வேலை பாதி நேரத்தில் முடியும். ஆள் கிடைக்காத தோட்டங்களில் அப்படித்தான் உருவுகிறார்கள். ஆள் கிடைப்பதுதான் இப்போது பெரிய பாடாக இருக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் படித்துவிட்டுப் பட்டணம் போகிறார்கள். அஸ்ஸாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள் பறிக்கிறார்கள். எடைக்குக் கூலி என்றால் கை தானாக அவசரப்படத்தானே செய்யும்? அதில் அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு கவலையும் உண்டு. காப்பியில் இரண்டு ஜாதி: அராபிகா, ரொபஸ்டா. அராபிகா உயரத்தில், குளிர்ச்சியில் வளர்கிற சுகவாசி, மணம் அதிகம். ரொபஸ்டா தாழ்ந்த மலையிலும் வளரும். கசப்பும் கனமும் அதிகம். நோய் நொடிக்கு அஞ்சாது. அராபிகாவின் தண்டைக் குடைகிற ஒரு வண்டு இருக்கிறது. வெயில் ஏற ஏற, நிழல் குறையக் குறைய, அதற்குக் கொண்டாட்டம். செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. அலுத்துப்போய் ரொபஸ்டாவுக்கு மாறிவிட்ட தோட்டக்காரர்கள் பலர். நமக்குப் பழக்கமான அந்த மணம் எங்கேயோ குறைகிறது என்று தோன்றினால், அது பிரமை அல்ல.

மத்தியானம் அந்த அம்மாள் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். தோட்டத்து லயத்தில் ஒற்றை அறையும் சிறு சமையற்கட்டும். "காப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்பில் தண்ணீரை வைத்தாள். கொதித்ததும் ஒரு கட்டி வெல்லம். அது கரைந்ததும் இரண்டு கரண்டி பொடி. இறக்கி மூடி வைத்து, மண்டி அடியில் தங்கியதும், மேலாகத் தெளிவை ஊற்றினாள். பால் இல்லை. மலைநாட்டிலும் குடகிலும் இதைத்தான் வெல்லக் காப்பி என்று வீட்டுக்கு வீடு குடிக்கிறார்கள். முதல் வாய் எனக்குக் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தது. இரண்டாவது வாயில் அடடா என்றது நாக்கு. பாலும் சிக்கரியும் சர்க்கரையும் மூடி மறைத்துவிடுகிற காப்பியின் சொந்த ருசி, லேசான புளிப்பும் பழ வாசனையுமாக, அதில் தெரிந்தது.

"பில்டர் இல்லையா?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு? அதெல்லாம் காத்துக்கிட்டு இருக்கிறவங்களுக்கு" என்றாள்.

பறித்த பழத்துக்கு அப்புறம் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே இயந்திரத்தில் தோலை உரிக்கிறார்கள். கொட்டையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு போகத் தொட்டியில் ஒரு நாள், ஒன்றரை நாள் புளிக்க வைத்துக் கழுவுகிறார்கள். பிறகு களத்தில் வெயில், ஒரு வாரம் பத்து நாள். நம் வீட்டில் வடாம் காய வைக்கிற அதே கவலைதான்: மேகம் கறுத்தால் ஓட்டம், மாலையில் கூட்டி மூடல், காலையில் பரப்பல். காய்ந்த கொட்டையின் காகிதம் போன்ற மேல்தோலைப் பட்டறையில் நீக்கி, சல்லடையில் சலித்து, அளவு வாரியாகத் தரம் பிரிக்கிறார்கள். உடைந்ததையும் கறுத்ததையும் பொறுக்கி எடுப்பது காலம் காலமாகப் பெண்கள் வேலை. இப்போது நிறம் பார்த்துத் தள்ளும் இயந்திரங்களும் வந்திருக்கின்றன. முறத்தில் அரிசியில் கல் பொறுக்குகிற நமக்கு இது விளங்கும். புளித்துக் கெட்ட ஒரே ஒரு கொட்டை, ஒரு கூஜா டிகாக்ஷனையே கெடுத்துவிடும்.

இனி மலையை விட்டு இறங்கி நம் தெருவுக்கு வருவோம். இத்தனை பொறுமையாகச் செய்த சரக்கு, மாம்பலத்திலோ மயிலாப்பூரிலோ மூலையிலுள்ள காப்பித்தூள் கடைக்கு வந்து சேருகிறது. வறுக்கிற வேளையில் அந்தப் பக்கம் போனால் கால் தானாக நின்றுவிடும். அங்கே நீங்கள் 'பீபெரி பாதி, ஏ பாதி' என்று கேட்கிறீர்கள். பீபெரி என்றால் தனி ஜாதி என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. சாதாரணமாகப் பழத்துக்குள் இரண்டு கொட்டைகள் முகத்தோடு முகம் ஒட்டி இருக்கும். சிலவற்றில் ஒன்று மட்டுமே வளர்ந்து, பட்டாணி போல உருண்டு நிற்கும். ஒற்றைப் பிள்ளை! அதைப் பொறுக்கித் தனியாக விற்கிறார்கள். 'ஏ' என்பது சல்லடையில் மேலே நின்ற பெரிய கொட்டை.

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பச்சைக் கொட்டை மாதக்கணக்கில் கெடாது. வறுத்த கொட்டை வாரக்கணக்கில் தாங்கும். அரைத்த பொடியோ, நாள் கணக்குதான்! வறுக்கும்போது கொட்டைக்குள் உண்டான வாசனையெல்லாம் அரைத்த நிமிஷத்திலிருந்து வெளியே ஓடப் பார்க்கிறது. அந்தக் காலத்துப் பாட்டிகள் கையால் சுற்றும் உருளையில் கரி அடுப்பில் வறுத்து, சுவரில் திருகிவைத்த மிஷினில் அன்றன்றைக்கு அரைத்தார்களே, அது வேலையில்லாமல் செய்த காரியம் அல்ல. இப்போது நாம் என்ன செய்கிறோம்? மாதச் சாமானோடு ஒரு கிலோ பொடியை வாங்கி வந்து, டப்பாவைத் தினமும் ஐந்து தடவை திறந்து, வாசனையை அடுக்களைக்கு நிவேதனம் பண்ணுகிறோம். மூன்றாவது வாரத்தில் 'பொடி மாறிவிட்டதா?' என்ற கேள்வி வருகிறது. பொடி மாறவில்லை, போய்விட்டது!

ஆகையால் 200 கிராம், 250 கிராமாக வாங்குங்கள். ஒரு வாரம், பத்து நாளில் தீருகிற அளவு. கடைக்காரர் வறுத்தது என்றைக்கு என்று கேளுங்கள். அவர் முறைத்தால் வேறு கடை பாருங்கள். டப்பா சின்னதாக, இறுக்க மூடுவதாக இருக்கட்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்து வைத்து எடுத்தால் பொடியில் ஈரம் வேர்க்கும், அலமாரியே போதும். ஸ்பூன் உலர்ந்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சிக்கரியைப் பற்றி இரண்டு வார்த்தை. அது காப்பியே அல்ல. ஒரு செடியின் கிழங்கு வேர். குஜராத்தில் ஜாம்நகர்ப் பக்கம் விளைகிறது. நறுக்கி, உலர்த்தி, வறுத்து அரைக்கிறார்கள். நிறமும் கனமும் கொடுக்கும், டிகாக்ஷனைப் பிடித்துவைக்கும். ஐந்தில் ஒரு பங்கு சேர்ப்பது பலருக்குப் பிடித்த ருசி. அதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் விலை குறைந்த சரக்கு என்பதை மறக்க வேண்டாம். காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவிகிதத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். அதாவது நூறு கிராம் வாங்கினால் 49 கிராம் வேராக இருந்தாலும் சட்டப்படி சரி! பாக்கெட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் கணக்கு போட்டிருக்கும். புடவைக்குக் கரை பார்ப்பதுபோல அதையும் ஒரு தரம் பாருங்கள்.

சரி, பில்டர். மேல் பாத்திரத்தின் அடியில் ஊசித் துவாரங்கள். அவை காலப்போக்கில் பொடியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. நேற்றுப் பத்து நிமிஷத்தில் இறங்கியது இன்று ஒரு மணி நேரமானாலும் இறங்காமல் மௌனவிரதம் இருக்கும். மேல் பாத்திரத்தை மட்டும் இடுக்கியால் பிடித்து அடுப்புத் தணலில் கவிழ்த்துக் காட்டி, அடைப்புப் புகைந்து போனதும் ஆறவிட்டு, தட்டித் தேய்த்துக் கழுவுங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் நட்சத்திரம் தெரிகிற மாதிரி எல்லாத் துவாரமும் தெரிய வேண்டும். மாதம் ஒரு முறை செய்தால் போதும்.

நாலு மேஜைக்கரண்டி பொடி. இளசாக ஒரு தட்டுத் தட்டி, சமப்படுத்தினால் போதும். பகையாளியை அமுக்குகிற மாதிரி அமுக்கினால் தண்ணீர் இறங்காது. அமுக்காமலே விட்டால் ஓடிவிடும். முதலில் ஒரு கரண்டி வெந்நீரைச் சுற்றிவர விட்டு அரை நிமிஷம் பொறுங்கள். புதுப் பொடியானால் பொங்கிக் குமிழியிடும். அது வறுத்தபோது உள்ளே தங்கிய வாயு வெளியேறுவது. குமிழியே வராமல் சேறு மாதிரி கிடந்தால் அது பழம் பொடி. இதைவிட நம்பகமான பரீட்சை கிடையாது. பிறகு குடையை வைத்து, ஒரு டம்ளர் வெந்நீர், சுமார் 150 மில்லி, மெதுவாக விடுங்கள். தளதளவென்று கொதிக்கிறதை அப்படியே கொட்ட வேண்டாம். இறக்கி, கொதி அடங்க அரை நிமிஷம் விடுங்கள். மூடி வையுங்கள். பதினைந்து, இருபது நிமிஷம்.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். கும்பகோணம் காப்பிக்குக் காவேரித் தண்ணீர்தான் காரணம் என்று அந்தப் பக்கத்தார் அடித்துச் சொல்வார்கள். ஊர் அபிமானம் என்று தள்ளிவிட வேண்டாம். டிகாக்ஷனில் பெரும்பகுதி தண்ணீர்தானே? நம் பட்டணத்து உப்புக் கிணற்று நீரில் எந்த மலைக் கொட்டையும் தலை தூக்காது. குடிக்க ருசியான நீர் எதுவோ அதுதான் காப்பிக்கும். 'டிகிரி' காப்பி என்ற பெயருக்குக் காரணம், பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்று பால்மானியை விட்டு டிகிரி பார்த்து வாங்கியதுதான் என்று சொல்கிறார்கள். இப்போது நெடுஞ்சாலை முழுக்க அந்தப் பெயர் போட்ட கடைகள் முளைத்துவிட்டன. பால்மானியை மட்டும் காணோம்!

பாலைப் பொங்கியதும் இறக்குங்கள். காய்ச்சிக் காய்ச்சிச் சுண்டினால் ஏடு வாசனை காப்பியை விழுங்கிவிடும். டிகாக்ஷன் ஆறிப்போனால், தயவு செய்து அதை நேராக அடுப்பில் வைத்துக் கொதிக்க வைக்காதீர்கள். மணம் ஆவியாகிக் கசப்பு மட்டும் மிஞ்சும். கொதிக்கிற நீருள்ள பாத்திரத்தில் டிகாக்ஷன் கிண்ணத்தை வைத்துச் சூடேற்றுங்கள். அல்லது பாலை நன்றாகச் சுட வைத்துக் கலந்துகொள்ளுங்கள். டபராவில் நாலு ஆற்று ஆற்றினால் நுரை வரும். கல்யாண வீட்டுத் தவசிப்பிள்ளை மாதிரி மூன்று முழ உயரத்துக்குத் தூக்க வேண்டிய அவசியமில்லை.

நேற்றுக்கும் இன்றைக்கும் ஏன் வித்தியாசம் என்று இப்போது தெரிகிறதல்லவா? இன்று எழுந்திருக்கக் கால் மணி தாமதம். பள்ளிக்கூட வண்டி வந்துவிடும். டிகாக்ஷன் இறங்கும்வரை காத்திருக்க நேரமில்லை. நேற்று மிச்சத்தைக் கொதிக்க வைத்துச் சமாளித்தீர்கள். 'காத்துக்கிட்டு இருக்கிறவங்களுக்கு' என்று அந்த அம்மாள் சொன்னாளே, அது எனக்கு நினைவு வந்தது. இதற்கு ஒரே வழி, படுக்கப் போகும் முன் பொடியைப் போட்டு மூடிவைப்பதல்ல. அதுவும் இரவெல்லாம் மணத்தை இழக்கும். காலையில் எழுந்ததும் முதல் காரியமாக வெந்நீரை வைத்துவிடுங்கள். பல் தேய்த்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டு வருவதற்குள் அது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக, எந்தக் காப்பிப் புஸ்தகத்திலும் காணாத ஒரு விஷயம். முதல் டிகாக்ஷன் யாருக்குப் போகிறது? வீட்டுக்காரருக்கு, மாமனாருக்கு, வந்திருக்கிற மச்சினருக்கு. அப்புறம் அதே மண்டியில் இரண்டாம் தடவை வெந்நீர் விட்டு இறங்குகிறதே, வெளிர்ந்துபோன கஷாயம், அதில் பாலைக் கலந்து, அடுப்படியில் நின்றுகொண்டே, ஆறின பிறகு குடிக்கிறது யார்? எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். நல்ல காப்பி போடுகிறாள் என்று பெயரெடுத்த பல பெண்மணிகளுக்கு, தாங்கள் போடுகிற நல்ல காப்பியின் ருசியே தெரியாது! மண்டியில் ஏறத்தாழ நல்லதெல்லாம் முதல் நீரோடு இறங்கிவிடுகிறது. இரண்டாவதில் வருவது பெரும்பாலும் கசப்பும் நிறமும்தான்.

வீட்டில் நாலு பேர் என்றால் ஐந்து பேருக்குக் கணக்கு வைத்துப் பொடி போடுங்கள். ஒரு கரண்டி கூடுதல், அவ்வளவுதான். முதல் டிகாக்ஷன் இறங்கியதும் உங்கள் டம்ளருக்கு வேண்டியதை முதலில் தனியாக எடுத்து வைத்துவிட்டு, பிறகு மற்றவர்களுக்குக் கலவுங்கள். மண்டியை ரோஜாச் செடிக்குப் போடுங்கள். மாமியார் ஏதாவது கேட்டால், பத்திரிகையில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று இந்தப் பக்கத்தைக் காட்டிவிடுங்கள். அவருக்கும் முதல் டிகாக்ஷன்தான் என்று சேர்த்துச் சொல்ல மறக்க வேண்டாம்.